பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா? அகூஸ்டிக் கிட்டாருக்குத் தந்தி தேர்ந்தெடுத்தல்

இசைக்கருவிக் கடையில் அகூஸ்டிக் கிட்டாருக்குத் தந்தி வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் "பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா?" என்று திருப்பிக் கேட்பார். கிட்டார் வாங்கிச் சில மாதங்களே ஆனவருக்கு இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே அவர் விலையையோ உறையில் உள்ள நிறுவனப் பெயரையோ பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். உண்மையில் ஒரு தந்தி செட்டைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் அந்த எண்ணே முதன்மையானது. தந்தியின் மேல் எந்த உலோகம் சுற்றப்பட்டிருக்கிறது, அதற்கு மேற்பூச்சு உண்டா என்பவை அடுத்த நிலையில் வருகின்றன. எந்த நிறுவனம் செய்தது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்னிணைப்பு இல்லாமல் ஒலிக்கும் கிட்டார்களில் நைலான் தந்திக்கானவை, எஃகுத் தந்திக்கானவை என இரண்டு இனங்கள் உண்டு. தலைப்பகுதியில் நீளவாக்கில் இரண்டு திறப்புகளும், அகன்ற கழுத்தும், உடலின் மேல் தந்தியை முடிச்சிட்டுக் கட்டும் பிரிட்ஜ் என்ற கட்டையும் இருந்தால் அது நைலானுக்கான கிளாசிக்கல் கிட்டார். பிரிட்ஜில் ஆறு சிறிய பின்கள் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தால் அது எஃகுத் தந்திக்கானது. கிளாசிக்கல் கிட்டாரின் ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ விசையோடு பிரிட்ஜை இழுக்கின்றன. எஃகுத் தந்திகளோ சாதாரணமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. நைலானுக்கென்று மெல்லியதாகச் செதுக்கிய மேற்பலகையில் எஃகைப் பூட்டினால், சில நாள்களிலோ சில மாதங்களிலோ பலகை புடைக்கும், பிரிட்ஜ் பசைவிட்டுப் பெயரும், கழுத்து வளையும். இந்தச் சேதத்தைச் சரிசெய்யும் செலவில் சில சமயம் வேறொரு கிட்டாரே வாங்கிவிடலாம். மாறாக, எஃகுக்கான கிட்டாரில் நைலானைக் கட்டினால் சேதம் ஏதும் நேராது; ஒலிதான் சோர்ந்துபோயிருக்கும்.

இந்தப் பிரிவினை கிட்டாரின் வரலாற்றில் ஓரளவு அண்மைக் காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிட்டார்கள் பெரும்பாலும் விலங்குக் குடலிலிருந்து செய்த நரம்புகளையே தாங்கின. 1833 முதல் அமெரிக்காவில் கிட்டார் செய்துவரும் மார்ட்டின் நிறுவனம் 1920களில்தான் எஃகுத் தந்தியை வழக்கமாகப் பூட்டிய கருவிகளுக்கு மாறியது. பெரிய உடலுடைய ட்ரெட்னாட் வடிவத்தை அந்நிறுவனம் 1916இல் வேறொரு விற்பனை நிறுவனத்துக்காகச் செய்து, 1931இல் தன் சொந்தப் பெயரில் வெளியிட்டது. இன்று முதல் கிட்டார் வாங்குவோரில் பலர் கையில் இருப்பது அந்த வடிவம்தான். நைலான் தந்தி 1940களில், போர்க்காலத்தில் குடல் நரம்பு கிடைக்காமல் போனபோது வந்தது. இக்கட்டுரையில் இனி வருவன எல்லாம் எஃகுத் தந்திக் கிட்டாரைப் பற்றியவை.

தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுவது வழக்கம். கிட்டாரை மடியில் வைத்திருக்கும்போது தரைக்கு அருகே இருக்கும் மெல்லிய தந்தி முதலாவது. முகத்துக்கு அருகே இருக்கும் தடித்த தந்தி ஆறாவது. வழக்கமான சுருதியில் முதல் தந்தி நொடிக்கு 329.6 முறையும் ஆறாம் தந்தி 82.4 முறையும் அதிர்கின்றன. அதாவது இரண்டுக்கும் இடையே சரியாக இரண்டு ஸ்தாயி இடைவெளி இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் எண், முதல் தந்தியின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டுச் சொல்வது. பத்து என்றால் 0.010 அங்குலம், பன்னிரண்டு என்றால் 0.012 அங்குலம். முதல் தந்தி தடிக்கும்போது அந்தச் செட்டின் மற்ற ஐந்தும் அதற்கேற்பத் தடிக்கின்றன. பத்தாம் எண் செட்டில் ஆறாம் தந்தி பொதுவாக 0.047 அங்குலம், பதினொன்றில் 0.052, பன்னிரண்டில் 0.053, பதின்மூன்றில் 0.056. தடிமனைக் குறிக்கும் இந்த அளவைத்தான் கேஜ் என்கிறார்கள்.

உறையின் மேல் எண்ணோடு பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். பத்தாம் எண்ணுக்கு எக்ஸ்ட்ரா லைட், பதினொன்றுக்குக் கஸ்டம் லைட், பன்னிரண்டுக்கு லைட், பதின்மூன்றுக்கு மீடியம் என்பவை பரவலான பெயர்கள். புதிதாகக் கற்பவர் ஏமாறும் இடம் இது. லைட் என்ற சொல்லைப் பார்த்து, விரலுக்கு மென்மையாக இருக்கும் என்று எண்ணி வாங்குகிறார், கிடைப்பதோ பன்னிரண்டு. எலக்ட்ரிக் கிட்டார் தந்திகளில் இதே லைட் என்ற பெயர் இன்னும் மெல்லிய செட்டைக் குறிக்கும். எனவே பெயரை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லியே வாங்குவது நல்லது.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.002 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இது ஒரு தலைமுடியின் தடிமனை ஒத்த அளவுதான். இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கு இத்தனை பேச்சு ஏன் என்றால், ஒரே நீளமுள்ள தந்தியை ஒரே சுருதியில் நிறுத்தத் தேவையான இழுவிசை, விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. பத்தின் வர்க்கம் 100, பன்னிரண்டின் வர்க்கம் 144. ஆகவே விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் இழுவிசை 44 விழுக்காடு கூடிவிடுகிறது. முழு நீளக் கிட்டாரில் பத்தாம் எண் செட்டின் முதல் தந்தி சுமார் 7.3 கிலோ விசையில் நிற்கிறது. பதினொன்றில் அது 8.9 கிலோ, பன்னிரண்டில் 10.6, பதின்மூன்றில் 12.4. ஆறு தந்திகளையும் கூட்டிப் பார்த்தால் பத்தாம் எண் செட் 60 கிலோவை ஒட்டியும், பன்னிரண்டு 74 கிலோ அளவிலும், பதின்மூன்று 85 கிலோவை ஒட்டியும் இழுக்கின்றன. இடக்கை விரல் அழுத்த வேண்டிய வலு, வலக்கை மீட்டலுக்குக் கிடைக்கும் எதிர்ப்பு, மேற்பலகை அதிரும் அளவு ஆகிய மூன்றும் இந்த விசையைப் பொறுத்தே மாறுகின்றன.

தடித்த தந்தி அதிக ஒலியும் நிறைந்த நாதமும் தருவது உண்மை. அதற்கு விரல்தான் விலை கொடுக்க வேண்டும். மெல்லிய தந்தியில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல்பிடி) பிடிப்பதும் தந்தியைத் தள்ளிச் சுரத்தை உயர்த்துவதும் எளிது. ஆனால் பலமாக அடித்து வாசித்தால் அது அகன்று அதிர்ந்து, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளில் மோதி இரையும், ஒலியும் சற்று ஒல்லியாக இருக்கும். தடித்த தந்தி எளிதில் அறாது என்பதும் பலர் நம்பும் ஒன்று. ஆனால் தந்தியின் குறுக்குவெட்டுப் பரப்பு கூடக்கூட விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுவதால், ஒரே சுருதியில் நிற்கும் வெற்று எஃகுத் தந்தியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை தடிமன் எதுவானாலும் ஏறத்தாழ ஒன்றேதான். தந்தி அடிக்கடி ஒரே இடத்தில் அறுகிறது என்றால் தடிமனைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, பிரிட்ஜின் மேல் தந்தியைத் தாங்கும் சாடில் என்ற பட்டையிலோ முறுக்காணியிலோ கூரான விளிம்பு இருக்கிறதா என்று அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

தொடக்க நிலையில் இருப்பவர் மெல்லிய தந்தியைத் தேடி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் விரல் வலி. இங்கே நிதானம் தேவை, ஏனெனில் அந்த வலியில் தந்தியின் பங்கு பலர் நினைப்பதைவிடக் குறைவு. தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்பார்கள். மலிவான புதிய கிட்டார்களில் இது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. ஒரு எஃகு அளவுகோலைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி, ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை அளந்து பார்க்கலாம். ஆறாம் தந்திக்குச் சுமார் 2.4 மில்லிமீட்டரும் முதல் தந்திக்கு 1.6 முதல் 2 மில்லிமீட்டரும் இருந்தால் நல்லது. ஆறாம் தந்தியிடம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் எந்தத் தந்தி போட்டாலும் கை வலிக்கும். அடுத்து, ஒரு தந்தியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் அந்தத் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையுமானால், கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்தியைத் தாங்கும் நட் என்ற பட்டையின் பள்ளம் ஆழம் போதாது. தொடக்கப் பாடங்களில் வரும் கார்டுகள் முதல் மூன்று ஃப்ரெட்டுகளிலேயே இருப்பதால், இந்தக் குறை கற்பவரின் விரலைத்தான் நேராகத் தாக்கும். இரண்டு குறைகளையும் கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒரே அமர்வில் சரிசெய்துவிடுவார். அதைச் செய்யாமல் பன்னிரண்டிலிருந்து பத்துக்கு இறங்குவதால் நாதம் குறையும், வலி பாதிதான் குறையும்.

ஆக்‌ஷன் சரியாக இருந்தும் தந்தி கடினமாகத் தோன்றினால், புதிய செட் வாங்குவதற்கு முன் செலவில்லாமல் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆறு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தால் இழுவிசை 11 விழுக்காடு குறையும். பன்னிரண்டாம் எண் தந்தி அப்போது கிட்டத்தட்டப் பதினொன்றைப் போல இளகி நிற்கும். எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை முதல் ஃப்ரெட்டில் மாட்டினால் பழைய சுருதியும் திரும்பிவிடும், நட்டின் உயரமும் கணக்கில் வராது. அப்படி வாசிக்கும்போது கை நிம்மதி அடைந்தால் பதினொன்று வாங்கலாம்.

தந்தியின் நீளமும் இதே கணக்கில் சேர்கிறது. நட்டிலிருந்து சாடில் வரையுள்ள அதிரும் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். முழு அளவுக் கிட்டார்களில் அது 25.4 அங்குலத்தை ஒட்டி இருக்கும். பயணத்துக்கும் சிறுவர்களுக்கும் என்று செய்யப்படும் சிறிய கிட்டார்களில் 23 அங்குலமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப மாறுவதால், 23 அங்குலக் கிட்டாரில் பன்னிரண்டாம் எண் செட் போட்டால் விரலுக்கு அது பெரிய கிட்டாரின் பதினொன்றைப் போலவே இருக்கும். சிறிய கிட்டார்தானே என்று பத்தாம் எண் செட்டைப் பூட்டுவோர் உண்டு. தந்தி தொளதொளவென்று நின்று இரைவதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். சிறிய கருவிக்குத் தடித்த தந்தி என்பது முரணாகத் தோன்றினாலும் அதுவே சரி.

முழு அளவுக் கிட்டாருக்கு என் பரிந்துரை பதினொன்று. விரல்நுனி காய்த்து, மூன்று நான்கு மாதங்களில் கார்டு மாற்றம் சரளமான பின் ட்ரெட்னாட் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டுக்குப் போகலாம். அவ்வளவு பெரிய பலகையை நன்றாக அதிரவைக்க அந்த விசை தேவைப்படுகிறது. உடல் சிறுத்த கிட்டாரில் விரலால் மீட்டி வாசிப்பவர்களுக்குப் பதினொன்றே நிரந்தரமாகப் போதும். பதின்மூன்று, பிக் என்ற சிறு வில்லையைக் கொண்டு பலமாக வாசிக்கும் ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை போன்ற பாணிக்கும், தந்திகளை ஓரிரண்டு சுரம் இறக்கிச் சுருதி சேர்ப்பவர்களுக்கும் உரியது. பழைய கிட்டாரிலோ, உறுதிப்பாடு தெரியாத கிட்டாரிலோ அதைப் பூட்டுவதற்கு முன் தயாரிப்பாளரின் பரிந்துரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடிமனை மாற்றினால் கிட்டாரின் அமைப்பும் கொஞ்சம் மாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விசை கூடினால் கழுத்து முன்னோக்கி வளைந்து ஆக்‌ஷன் உயரும். குறைந்தால் பின்னோக்கிச் சென்று தந்தி ஃப்ரெட்டில் இரையும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைச் சிறிது திருப்பி இதைச் சரிசெய்வார்கள். ஒரே ஒரு எண் மாற்றத்துக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. பத்திலிருந்து பதின்மூன்றுக்குத் தாவினால் நிச்சயம் தேவைப்படும், நட்டின் பள்ளங்களையும் அகலமாக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது உலோகம். எந்த அகூஸ்டிக் செட்டிலும் முதல் இரண்டு தந்திகள் வெற்று எஃகு. மற்ற நான்கும் எஃகு நடுக்கம்பியின் மேல் செப்புக் கலவைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியவை. ஆகவே உறையில் பெரிய எழுத்தில் இருக்கும் உலோகப் பெயர் அந்த நான்கு தந்திகளை மட்டுமே பற்றியது. 80/20 என்று குறிக்கப்பட்டவற்றில் 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் இருக்கும். புதிதாக இருக்கும்போது இவை கணீரென்று ஒலிக்கும். அந்தப் பளபளப்பு விரைவில் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் தந்தியில் செம்போடு 8 விழுக்காடு அளவுக்கு வெள்ளீயமும் மிகச் சிறிதளவு பாஸ்பரஸும் சேர்ந்திருக்கும். டடாரியோ நிறுவனம் 1974இல் அறிமுகப்படுத்திய இந்தக் கலவை சற்று மெதுவாகக் கறுக்கிறது, ஒலியும் கொஞ்சம் கதகதப்பானது. முதல் செட்டுக்கு எது என்று கேட்டால் பாஸ்பர் பிரான்ஸ் என்பேன். ஆனால் கிட்டாரின் மரமும் வாசிப்பவரின் கையும் ஏற்படுத்தும் வேறுபாட்டின் முன் இது சிறியது. ஏற்கெனவே கூர்மையாக ஒலிக்கும் கிட்டாருக்குப் பாஸ்பர் பிரான்ஸும், மந்தமாக ஒலிப்பதற்கு 80/20உம் பொருந்தும். எஃகோடு பட்டு இழையும் சேர்த்துச் செய்யப்படும் சில்க் அண்ட் ஸ்டீல் என்ற வகை விரலுக்கு மிக இதமானது, ஒலியும் அடக்கமானது. கடுமையான விரல் வலி உள்ளவர்களும் வயதில் மூத்தவர்களும் அதைப் பார்க்கலாம். நிக்கல் சுற்றிய எலக்ட்ரிக் கிட்டார் தந்தியைப் போட்டால் கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நிக்கல் அகூஸ்டிக்கில் உயிரற்று ஒலிக்கும்.

மேற்பூச்சுத் தந்திகள் 1990களில், கோர்-டெக்ஸ் துணியால் அறியப்பட்ட கோர் நிறுவனத்தின் எலிக்ஸர் மூலம் பரவலாயின. சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் வியர்வையும் தோல் துகளும் அடைந்துகொள்வதுதான் தந்தி மந்தமாவதற்கு முதல் காரணம். மெல்லிய பாலிமர்ப் படலம் அந்த இடுக்குகளை மூடிவிடுகிறது. விலை சாதாரண செட்டைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து வெற்றுத் தந்தியைச் சில வாரங்களிலேயே சொரசொரப்பாக்கிவிடும். அங்கே இந்தக் கூடுதல் விலை நியாயமானதே. உள்ளங்கை வியர்க்காதவரும், கோயம்புத்தூர் போன்ற உலர்ந்த காற்றுள்ள ஊரில் வாசிப்பவரும் பூச்சில்லாத செட்டை அடிக்கடி மாற்றிக்கொள்வதே மேல், ஏனெனில் புதுத் தந்தியின் கணீர் ஒலி பூச்சுக்குள் சற்று அடங்கியே கேட்கும். பிக் விழும் இடத்தில் பூச்சு நைந்து பஞ்சுபோல் நூல் பிரிவதைப் பார்த்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது தந்தியின் ஆயுள் முடிந்ததற்கு அடையாளமும் அல்ல. எந்தத் தந்தியானாலும் வாசிக்கும் முன் கை கழுவுவதும், வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைப்பதும் அதன் ஆயுளைக் கணிசமாக நீட்டும்.

தந்தியை எப்போது மாற்றுவது என்பதற்கு நாள்கணக்கு உதவாது. ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறார், இன்னொருவர் வாரம் ஒருநாள்தான் எடுக்கிறார். விரல்நுனியைத் தந்தியின் அடிப்பக்கத்தில் வைத்து ஃப்ரெட்டுகளின் மேல் மெல்ல நகர்த்தினால், தேய்ந்த இடங்களில் சிறு பள்ளங்கள் தட்டுப்படும். அடுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டிக் கிடைக்கும் ஹார்மோனிக் ஒலியையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டிக் கிடைக்கும் ஒலியையும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒப்பிட வேண்டும். முன்பு ஒத்துப்போன இரண்டும் இப்போது விலகுகின்றன என்றால், தந்தி நீளம் முழுவதும் ஒரே தடிமனாக இல்லாமல் தேய்ந்துவிட்டது. எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் கார்டுகள் பிசகியே ஒலிக்கும். கற்பவர்கள் தங்கள் காதைச் சந்தேகிக்கும் பல நேரங்களில் குற்றவாளி இந்தப் பழைய தந்திதான்.

பூட்டும்போது, தந்தியின் உருண்டை முனை பிரிட்ஜின் அடிப்பக்கத் தகட்டில் பதிந்து நிற்கிறதா என்பதைத் தந்தியை மேலே இழுத்துப் பார்த்து உறுதிசெய்த பின்பே பின்னை அழுத்த வேண்டும். உருண்டை பின்னின் நுனியில் சிக்கி நின்றால், சுருதி ஏறும்போது பின் தெறித்து வெளியே வரும். முறுக்காணியில் தடித்த தந்திக்கு இரண்டு சுற்றும் மெல்லியதற்கு மூன்று சுற்றும் போதும், அவை ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். ஃப்ரெட்போர்டைத் துடைப்பதற்காக ஆறு தந்திகளையும் ஒருசேரக் கழற்றினால் கழுத்துக் கெட்டுவிடும் என்பது வெறும் அச்சம். புதிய தந்தி ஓரிரு நாள்கள் நெகிழ்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் அது விரைவில் நிலைக்கும்.

முதல் இரண்டு தந்திகள்தான் அடிக்கடி அறுபவை. அவை வெற்று எஃகு என்பதால், அதே தடிமனுள்ள, உருண்டை முனையுள்ள எந்த நிறுவனத்தின் தனித் தந்தியும், எலக்ட்ரிக் கிட்டாருக்கென்று விற்கப்படுவதும்கூட, அந்த இடத்துக்குப் பொருந்தும். இரண்டு மூன்றை உறைக்குள் போட்டுக் கிட்டார் பையில் வைத்துக்கொண்டால் ஒரு மெல்லிய தந்திக்காக முழு செட் வாங்க வேண்டியதில்லை. சுற்றுத் தந்தி ஒன்று அறுந்தால் மட்டும் ஆறையும் மாற்றிவிடுவது நல்லது, இல்லையெனில் புதியது ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து பிரிந்து கணீரென்று கேட்டுக்கொண்டே இருக்கும்.